பதினொரு காலடி

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கலீலுர் றஹ்மான் பொய்க்காரர் அல்ல. நிலாவெளி றோட்டில் ஓட்டோ ஓட்டுகிறவர்கள் வெள்ளைக்காரருக்கு என்ன கதை அளந்தாலும் சரி, இறக்கக்கண்டித் தேத்தண்ணிக் கடையில் யார் என்ன சொல்லிச் சிரித்தாலும் சரி, அந்த மனிதர் தன் ஐம்பத்துநாலு வயதுக்குள் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொல்லி ஒரு தடவைகூட விற்றதில்லை. அவர் செய்தது மடைத்தனம். அதுவும் ஒன்றல்ல, அடுத்தடுத்து இரண்டு. மடைத்தனத்துக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியாத உலகத்தில் என்னத்தைச் சொல்ல!

இறக்கக்கண்டித் துறையை ஒட்டி, கரையிலிருந்து கடலுக்குள் சரிந்துபோகும் ஒரு தட்டையான பாறை இருக்கிறது. ஊரில் அதற்குத் தட்டுக்கல் என்று பெயர். மணல் இறுகிக் கல்லானது போல, ஓரத்தில் பார்த்தால் அடையடையாகத் தெரியும். மாரியில் கடல் அதன்மேல் மணலைக் கொட்டும், பிறகு தானே அள்ளிக்கொண்டு போகும். மூன்று வருடத்துக்கு முன் அடித்த சூறாவளி ஆளுயர மணலை ஒரேயடியாக வழித்துவிட்டது. அடியில் பள்ளங்கள் தெரிந்தன. பதினொரு பள்ளம், ஒவ்வொன்றிலும் முன்னால் மூன்று விரல். இடம், வலம், இடம், வலம் என்று கரையிலிருந்து கடலைப் பார்த்து ஏதோ ஒன்று ஆறுதலாக நடந்து போயிருந்தது.

ஊர் அதைப் பார்த்து வியந்ததா என்றால், இல்லை. "சைத்தான்ட கோழி நடந்திருக்கு" என்று நாலு நாள் பகிடி விட்டார்கள். பிறகு பெண்கள் அந்தப் பள்ளங்களில் காய்ந்து கிடந்த உப்பை வழித்தெடுத்தார்கள். கலீலுர் றஹ்மான் ஐந்தாவது பள்ளத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, தூண்டிலுக்கு வெட்டிய கணவாய்த் துண்டுகளை அதற்குள் ஊறப்போட்டார். இரை போட அளவான பள்ளம். ஒரு சாணும் நாலு விரலும் நீளம், உள்ளங்கை மறையும் ஆழம்.

அந்த நாட்களில் ஊருக்கு இருந்த ஒரே யோசனை துறைதான். முப்பத்திரண்டு போட் ஏறி இறங்கும் துறை. தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து பாவித்த கரை என்றாலும் உறுதி என்று ஒரு துண்டுக் கடதாசி யாரிடமும் இல்லை. அது அரச காணி. அதை ஒரு ஹோட்டல் கொம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று என்று ஒரு நாள் செய்தி வந்தது. றோட்டிலிருந்து கடல் வரைக்கும் மதில் வருமாம். மீன்பிடிச் சங்கத் தலைவர் முனீப் எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார், எத்தனை மகஜர் கொடுத்தார்! எல்லாம் கிணற்றில் போட்ட கல். "மூணு கிலோமீற்றருக்கு அங்கால ஆத்து வாயில போட்டைக் கட்டுங்க" என்றார்கள். ஆற்று வாயில் மணல் திட்டு. வாடைக் காற்று அடிக்கிற காலத்தில் அதற்குள்ளால் போட் எடுத்தவன் வீட்டில் பெண்டாட்டி சோறு ஆக்கமாட்டாள், தொழுதுகொண்டிருப்பாள்.

இந்த நேரத்தில்தான் சுதர்ஷிகா மிஸ் வந்தாள். திருகோணமலை லிங்கநகர்ப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள். கடல் எவ்வளவு கரையை அரிக்கிறது என்று அளக்க வந்தவள், தட்டுக்கல்லில் கால் வைத்ததும் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டாள். பள்ளத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு கலீலுர் றஹ்மானை நிமிர்ந்து பார்த்து, அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டாள்.

"நானா, முதல்ல இதுக்குள்ள இருக்கிற கணவாயை எடுங்கோ."

"ஏன் மிஸ்? என்ன இது?"

"காலடி. என்னத்தின்ர காலடி எண்டு நான் இப்ப சொல்லமாட்டன். டைனோசர் எண்டு வாய் திறந்தா என்னைப் பாத்துச் சிரிப்பினம், எங்கட நாட்டில அப்பிடி ஒண்டும் இதுவரைக்கும் கண்டதில்லை. ஆனா இது ஆள் வெட்டினது இல்லை நானா. கல்லு சேறா இருந்த காலத்தில மிதிச்சது."

டைனோசர் என்ற சொல்லை அவள் அந்த ஒரு தடவைதான் சொன்னாள். ஊருக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் அந்தப் பெயரைவிட, அவள் அடுத்துச் சொன்னதுதான் கலீலுர் றஹ்மானின் நெஞ்சில் ஏறிக் குந்தியது. கொழும்பிலிருந்து ஒரு கொமிட்டி வந்து இதைப் பார்த்து, உண்மையான காலடிதான் என்று கையெழுத்து வைத்தால், இந்தக் கரை அரச பூங்காவாகும். சுற்றிவர மதில் கட்ட ஏலாது. ஊர்ச்சனம் காலங்காலமாகப் பாவித்த பாதையையும் துறையையும் மூட ஏலாது. கொம்பனி வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

"அப்ப மிஸ், இந்தக் காலடி இருந்தா எங்கட துறை இருக்கும்?"

"ஓம் நானா. இருந்தா இருக்கும்."

அன்றிலிருந்து அந்த மனிதர் தட்டுக்கல்லுக்குக் காவல். விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து பதினொன்றையும் எண்ணுவார். பழைய வலையால் சுற்றிக் கட்டினார். ஆடு கலைத்தார். உப்பு வழிக்க வந்த சொந்த மச்சாளையே வாய்க்கு வந்தபடி ஏசினதில், அவள் மூன்று மாதம் முகம் கொடுக்கவில்லை. மிஸ் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வந்து படம் எடுப்பாள், எழுதுவாள். அச்சு எடுக்க வேண்டுமென்றால் மேலிடத்து அனுமதி வேண்டுமாம், அதைக் கொமிட்டிதான் தரவேண்டுமாம். போகும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே பாடம். "மிதிக்க வேண்டாம். கீற வேண்டாம். எண்ணெய், சுண்ணாம்பு ஒண்டும் பூச வேண்டாம். வடிவாக் காட்டுறதுக்கெண்டு ஆழப்படுத்த வேண்டாம்." இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு நாள் தலையாட்டியிருந்தால் அவர் இன்றைக்கு ஒரு கிளாக்கராகவாவது இருந்திருப்பார்.

மாசி மாதம் கொம்பனி லொறியில் மதிலுக்குக் கல் வந்து இறங்கியது. கொமிட்டியைப் பற்றி ஒரு பேச்சுமில்லை. அன்றைக்குப் பின்னேரம் கலீலுர் றஹ்மான் தட்டுக்கல்லில் நின்று, கையை ஏந்தி, ஒரு நேர்ச்சை வைத்தார். "யா அல்லாஹ், கொமிட்டி வாற கடிதம் மட்டும் வந்தாப் போதும். இதே இடத்தில ஊருக்குக் கந்தூரிச் சாப்பாடு குடுக்கிறன்."

கடிதம் ஆடியில் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொமிட்டி வரும், அதுவரைக்கும் மதில் வேலை நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. முனீப் அதைச் சங்கக் கட்டிடத்தில் வாசித்துக் காட்டியபோது முப்பத்திரண்டு போட்காரரும் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். கலீலுர் றஹ்மான் அழுதேவிட்டார்.

வீட்டில் பெண்சாதி றுக்கியா கேட்டாள். "கந்தூரியைக் கொமிட்டி வந்துட்டுப் போன பொறகு குடுத்தா என்ன?"

"நான் நேர்ந்தது கடிதத்துக்கு. கடிதம் வந்துட்டு. நேர்ச்சையைத் தலையில வெச்சிட்டு அந்த மனுசர்ட முன்னுக்கு எப்படி நிக்கிற? ஏதும் பிழைச்சா?"

"அப்ப பள்ளிவாசல் வளவில குடுங்க."

"பள்ளியில இப்ப இருக்கிற ஆக்கள் கந்தூரி கூடாது எண்டுறாங்களே. கேட்டுப் பாத்துட்டுத்தான் வந்தனான்."

அது உண்மை. புதிய நிர்வாகம் அதில் கண்டிப்பு. சரி, கரை மணலில் சமைப்போம் என்றால், மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று மண்ணை அள்ளி அள்ளி வீசுகிறது, கிடாரத்தில் சோற்றைவிட மணல்தான் வேகும். விருந்துச் சட்டி சமைக்கிற சரீப் கரையெல்லாம் நடந்து பார்த்துவிட்டுத் தட்டுக்கல்லில் வந்து நின்றார். பாறையின் மேற்கே ஒரு மேடு. அதன் மறைவில் காற்றில்லை. "இஞ்சதான்" என்றார். நேர்ந்ததும் இதே இடம்தானே என்று கலீலுர் றஹ்மானுக்கும் மனம் குளிர்ந்தது.

காலடி இருக்கிறதே என்று அவர் யோசிக்காமல் இல்லை. பாவம், அளவுக்கு மீறித்தான் யோசித்தார். பதினொன்றுக்கும் மேலே நனைத்த சாக்கு விரித்தார். சாக்குக்கு மேல் கிடுகு போட்டார். சுற்றிவரக் கயிறு கட்டினார். அடுப்பெல்லாம் நாலு எட்டுத் தள்ளி, காலடி வரிசைக்குப் பக்கத்தால் ஒரே நேராக ஆறு அடுப்பு. சாப்பிட வருகிறவர்கள் மணலில்தான் இருக்க வேண்டும், ஒருத்தரும் கல்லில் ஏறக் கூடாது. மிஸ் சொன்ன நாலு விலக்கையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மிதிக்கவில்லை, கீறவில்லை, பூசவில்லை, ஆழப்படுத்தவில்லை. நெருப்பைப் பற்றி மிஸ் ஒன்றும் சொன்னதில்லை.

புதன்கிழமை சுபஹோடு அடுப்பு மூண்டது. பாலை விறகு. அது எரிந்தால் எரிந்ததுதான், இரும்பையும் இளக வைக்கும். இரண்டு மாடு, நாலு மூடை அரிசி. நடுவில் கல்லுக்குள் டக், டக் என்று சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் சரீப்?"

"ஈரக் கல்லு காக்கா. அப்படித்தான் வெடிக்கும்."

கலீலுர் றஹ்மான் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பதினொன்றும் பத்திரம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி மூடிவிட்டு வந்து, அகப்பையைப் பிடித்தார். மத்தியானம் லுஹருக்குப் பிறகு நூற்றைம்பது சஹன் சோறு போனது. ஒரு சஹன் தட்டுக்கு ஆறு பேர், கை கையாய் அள்ளிச் சாப்பிட்டார்கள். கந்தூரியைக் கூடாது என்றவர்களில் இரண்டு பேர்கூட வந்து சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அந்த மனிதர் தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக இருந்தது அன்றைக்குத்தான். அதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

எல்லாரும் போன பிறகு பார்த்தால், கல் முழுக்கச் சாம்பலும் கொழுப்பும் கரியும். நாளைக்குக் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், இந்தக் கோலத்திலா காட்டுவது? கலீலுர் றஹ்மான் நெருப்பைத் தள்ளி ஒதுக்கினார். சாக்கையும் கிடுகையும் எடுத்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் வாளியை முக்கினார்.

முதல் வாளியை அடுப்படியில் ஊற்றினார். சூ என்று ஆவி எழும்பியது. இரண்டாவது, மூன்றாவது. கல் நன்றாக வெளுத்து வந்தது. பிறகு காலடி வரிசைப் பக்கமாக, பறந்து வந்து படிந்த சாம்பலைக் கழுவ, வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே போனார். எத்தனை என்று எண்ணவில்லை. வெயிலும் நெருப்பும் ஏறின கல், உள்ளங்கால் சுட்டது. நல்லது, கெதியாய்க் காயும் என்றுதான் நினைத்தார்.

டப் என்றது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு நீள வெடி, பாயைக் கிழிக்கிற சத்தம். அவர் கண்ணுக்கு முன்னால் தட்டுக்கல்லின் மேல் அடை, அப்பத்தின் ஓரம் சட்டியைவிட்டுக் கிளம்புகிறது போலக் கிளம்பியது. மூன்றாம் காலடி நடுவால் பிளந்தது. ஐந்தாவது, அவர் கணவாய் ஊறப்போட்டது, விரல் வேறு குதி வேறாகப் பிரிந்தது. அவர் வாளியை எறிந்துவிட்டு ஓடிப்போய், கிளம்பின கல்லை இரண்டு கையாலும் அமத்தினார். அமத்தினதில் அது நாலு துண்டானது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியைக் கழுவி உடைத்தாயிற்று.

முனீப் வந்து பார்த்தபோது ஏழு காலடி துண்டு துண்டாகக் கிடந்தது. நாலு மட்டும் முழுசு. கலீலுர் றஹ்மான் துண்டுகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். முனீப் ஏசவில்லை. மீன்பிடிக்காரன் உடைந்த ஒன்றைக் கண்டால் முதலில் என்ன நினைப்பான்? ஓட்டை விழுந்த போட்டை அவன் எறிவானா? ஒட்டுவான்.

"காக்கா, எழும்புங்க. மீன் வாடியில றெசின் இருக்கா?"

"ரெண்டு கலன் இருக்கு. பைபர்த் துணியும் இருக்கு."

"இருட்டி மஃரிபு வாறதுக்கு முந்தி முடிக்கலாம்."

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இரண்டு பேரும் தொடங்கினார்கள். போட்டுக்கு அடி ஒட்டுகிற அதே றெசின், அதே கை. துண்டுகளைப் பொறுக்கி, எது எதோடு சேரும் என்று பார்த்து, அடியில் துணி வைத்து, றெசின் விட்டு, மேலே கல் பாரம் ஏற்றினார்கள். கலீலுர் றஹ்மானுக்கு ஒவ்வொரு விரலும் மனப்பாடம். வேலை திறமாக வந்தது. சத்தியமாகச் சொன்னால், அளவுக்கு மிஞ்சின திறம். ஒரே ஒரு குறை, ஒட்டின இடமெல்லாம் மினுங்கியது.

"ஏழு மட்டும் மினுங்கினா விளங்கிரும்" என்றார் முனீப்.

கலீலுர் றஹ்மான் அந்த நாலு முழுக் காலடியையும் பார்த்தார். பூச வேண்டாம் என்று மிஸ் சொன்னது காதில் கேட்கத்தான் செய்தது. கேட்டும் என்ன? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. தூரிகையை எடுத்து நாலுக்கும் ஒரு கை மெல்லிசாகப் பூசிவிட்டார். இப்போது பதினொன்றும் ஒரே மாதிரி இருந்தன.

அன்றிரவு அவர் கண் மூடவில்லை. மிஸ்ஸுக்கு ஒரு கோல் எடுங்கள் என்று றுக்கியா இரண்டு தடவை சொன்னாள். போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தார்.

பத்து மணிக்குக் கொமிட்டி வந்தது. மூன்று பேர், தலைக்கு மேலே குடை. சுதர்ஷிகா மிஸ் முன்னால் ஓடி வந்தாள், கல்யாண வீட்டுக்கு வருகிற முகம். பின்னால் கொம்பனி ஆள் ஒருவனும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். மிஸ் தட்டுக்கல்லைப் பார்த்தாள். கால் நின்றது. முகத்தில் இருந்த அவ்வளவும் வடிந்துபோனதைக் கலீலுர் றஹ்மான் கண்டார்.

கொமிட்டியில் பெரியவர் குனிந்தார். விரலால் தடவினார், விரலை மணந்தார். ஒரு வெடிப்பிலிருந்து நகத்தால் எதையோ இழுத்தார். வெள்ளை நூல், பைபர்த் துணியின் நூல். அதை வெயிலில் பிடித்துக் காட்டினார். பிறகு சிங்களத்தில் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். கடல் தொழில் செய்கிறவனுக்குச் சிங்களம் விளங்காதா?

"இது செய்த சாமான்."

"இல்ல சேர்!" கலீலுர் றஹ்மான் பாய்ந்து முன்னுக்கு வந்தார். "செய்யல்ல சேர், ஒட்டினது மட்டுந்தான். நேத்துக் கந்தூரி. நெருப்பு. தண்ணி ஊத்தினனான், வெடிச்சிட்டு…"

மிஸ் அதை மொழிபெயர்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குரல் இறங்கியது. கேட்க எப்படி இருந்திருக்கும்! கொமிட்டி வருகிறதற்கு முதல்நாள், தட்டுக்கல்லில், இரண்டு மாடு அடித்துக் கந்தூரி. கொம்பனி ஆள் சிரிக்கவில்லை, அதற்குக்கூட அவன் மினக்கெடவில்லை. இரண்டாவது ஆள் கேட்டார். "இவ்வளவு நல்லா ஒட்டத் தெரிஞ்சவனுக்கு வெட்டத் தெரியாதா?"

மிஸ் தன் போனில் இருந்த படங்களைக் காட்டினாள். தை மாதப் படம், பங்குனிப் படம். பெரியவர் மரியாதையாகப் பார்த்தார். "பள்ளம் இருந்ததெண்டு படம் சொல்லுது. ஆர் தோண்டினது எண்டு சொல்லுதா?" என்றார். பூசாத ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டார். மிஸ் கலீலுர் றஹ்மானைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முனீப் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஏதோ தன் போட் அப்போதுதான் வருகிறது போல.

கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. வழக்குக்கூடப் போடவில்லை. புராதனச் சின்னத்தைச் சேதமாக்கினால் வழக்கு, இங்கேதான் சின்னமே இல்லையே.

வாகனம் ஏறுமுன் மிஸ் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நெருப்பு வைக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்ல நானா. அது என்ர பிழை. நான் சொல்லியிருக்க வேணும்." மூச்சை இழுத்து விட்டாள். "உடைஞ்ச துண்டு போதும் நானா. உடைஞ்ச துண்டில மிதிபட்டு வளைஞ்ச அடை தெரியும், அதை வச்சே நான் நிரூபிச்சிருப்பன். ஏன் ஒரு கோல் எடுக்கேல்ல?"

"வெக்கமாப் போச்சு மிஸ்."

அவள் வாகனத்தில் போய் ஏறினாள். பிறகு அவள் அந்தப் பக்கம் வரவுமில்லை. பொய்க் காலடியைக் காட்டி மேலிடத்தை ஏமாற்றப் பார்த்தவள் என்று அவளுக்கும் பெயர் விழுந்ததாகப் பின்னாளில் கேள்வி. அதைக் கேட்ட அன்று கலீலுர் றஹ்மான் சாப்பிடவில்லை. தன் பெயர் போனதைவிட அது அவரைச் சுட்டது.

புரட்டாதியில் மதில் எழும்பியது. றோட்டிலிருந்து கடல் வரைக்கும், பிறகு கடலோரமாகவும், தட்டுக்கல்லுக்கு மேலாலேயே. முப்பத்திரண்டு போட்டில் பத்தொன்பது ஆற்று வாய்க்குப் போயின. மற்றவர்கள் விற்றுவிட்டு மேசன் வேலைக்கும் கத்தாருக்கும் போனார்கள். கலீலுர் றஹ்மானின் போட் அடுத்த வாடையில் மணல் திட்டில் ஏறிப் புரண்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை, எஞ்சின் போனது. ஊரில் ஒருவரும் அவரை நேரே குற்றம் சொல்லவில்லை. அவர் கடைக்குள் வந்தால் கதை நின்றுவிடும், அவ்வளவுதான். முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்டிருந்தால் மனிதருக்கு மனம் ஆறியிருக்கும். ஊர் அந்தத் தயவைக்கூடச் செய்யவில்லை.

ஹோட்டல் திறக்க ஒரு மாதம் இருக்கும்போது ஜக்சன் என்று ஒருவன் அவர் வீட்டுக்கு வந்தான். திருகோணமலை டவுன் ஆள், கொம்பனியின் சுப்பவைசர். நல்ல பெடியன், மரியாதையாகக் கதிரையில் இருந்து றுக்கியா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தான்.

"நானா, ஹோட்டலுக்கு டைனோசர் எண்டு பேர் வைக்கப் போறாங்கள். கேற்றிலயிருந்து உள்ளுக்குச் சீமெந்துப் பாதை. அதில காலடி பதிக்க வேணும். நீங்கதானே அதைச் செய்த ஆள்? அச்சு அசல் மாதிரி இருந்ததாமே. கொழும்பு ஆக்களே மயங்கிப்போச்சினமாம்."

"நான் செய்யல்ல தம்பி."

"சரி நானா, சரி." ஜக்சன் சிரித்தான். "இப்ப செய்யுங்கோ. நாள் கூலி."

குசினி வாசலில் றுக்கியா நின்றாள். அலுமாரிக்கு மேலே அந்தப் போட்டின் லைசென்ஸ் புத்தகம் கிடந்தது. கலீலுர் றஹ்மான் அதைப் பார்த்தார், றுக்கியாவைப் பார்த்தார், "எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டார்.

ஈரச் சீமெந்தில் முழங்காலில் இருந்து அவர் கையாலேயே பதித்தார். அளவுகோல் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். ஒரு சாணும் நாலு விரலும். உள்ளங்கை மறையும் ஆழம். நடுவிரல் கொஞ்சம் நீளம், வலதுகாலின் உள்விரல் கொஞ்சம் வளைவு. முதல் காலடியைக் கடலைப் பார்க்க வைத்தார். ஜக்சன் ஓடி வந்தான்.

"ஐயோ நானா, மற்றப் பக்கம். றெஸ்ரோரன்ற் பக்கம் போக வேணும்."

"அது கடலுக்குத்தான் போனது தம்பி."

"கடலுக்கா? அங்க மதிலெல்லோ நானா!"

கலீலுர் றஹ்மான் கரண்டியால் அதை அழித்தார். மட்டப்படுத்தினார். திருப்பி வைத்தார். பதினொன்றும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடம், வலம், இடம், வலம் என்று சாப்பாட்டு அறைப் படி வரைக்கும் போய் நின்றன. ஜக்சன் படம் எடுத்தான். பழசை ஒருநாளும் கண்டிராதவன், பழசைவிட இதுதான் வடிவு என்றான்.

மறுநாள் காலை வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சீமெந்து இறுகி வெளுத்துக் கிடந்தது. ஜக்சன் ஒரு வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான்.

"தண்ணி ஊத்துங்கோ நானா. ஏழு நாளைக்கு, காலமை, மத்தியானம், பின்னேரம். ஊத்தாட்டி வெடிச்சிரும்."

கலீலுர் றஹ்மானின் கை வாளிக் காதில் கிடந்தது, தூக்க வரவில்லை. "என்ன நானா, பாரமா?" என்று கேட்டுவிட்டு ஜக்சன் வேறு வேலைக்குப் போனான். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. அவர் பிஸ்மி சொல்லி வாளியைத் தூக்கினார். முதல் காலடிக்கு ஊற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். இரண்டாவதற்கு ஊற்றினார். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. பதினொன்றுக்கும் ஊற்றி முடித்தார்.

ஒன்றும் வெடிக்கவில்லை.